நாக்கு மீன்

அத்தியாயம் 17

அந்த வீட்டில் ஏழு வாரமாக ஒரு சொல் தலைமறைவாக இருந்தது.

'நாக்கு' என்ற சொல். யாரும் தடை போடவில்லை, தானாகவே பதுங்கிக்கொண்டது. தொலைக்காட்சியில் சமையல்காரர் எவராவது "நாக்குல தண்ணி ஊறுது பாருங்க" என்று ஆரம்பித்தால் மகள் சட்டென்று சத்தத்தைக் குறைத்துவிடுவாள். "உங்க நாக்கு இருக்கே, ஊரைக் கொளுத்திடும்" என்று புருஷனை நாளுக்கு இரண்டு தடவை திட்டிக்கொண்டிருந்த அம்மாவும் அந்தத் திட்டைக் கைவிட்டாள். திட்டுவதற்கு அங்கே என்ன மிச்சம் இருக்கிறது?

முப்பத்தோரு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். வீட்டிலும் வெளியிலும் 'மாஸ்டர்'. ஏழு வாரத்துக்கு முன் ஒரு ரவுண்டானாவில், பயிற்சி காரில், மாணவிக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "கண்ணாடியைப் பாரு, கண்ணாடியைப் பாரு" என்று அதட்டிக்கொண்டிருந்தபோது மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கை, வலது கால், வாயின் வலது பாதி எல்லாம் ஒரே நொடியில் வேலையை விட்டு நின்றன. இடது கால் மட்டும் தன் பக்கத்து பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்தியது. அந்த மாணவி போன வாரம் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். மாஸ்டர் இன்னும் சக்கர நாற்காலியில், மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகிற குழாயோடு, ஜன்னல் ஓரத்தில்.

பேச்சில் அவருக்கு மிஞ்சியவை மூன்று சொற்கள். 'பிரேக்கு', 'கிளட்ச்சு', 'மெதுவா'. மூன்றையும் வைத்துக்கொண்டு அவர் ஒரு குடும்பத்தையே நடத்திவந்தார்.

நாளை வியாழக்கிழமை. வயிற்றில் நேரடியாக ஒரு துளை போட்டு, அங்கே நிரந்தரமாக ஒரு குழாய் வைப்பதற்கு டாக்டர் நாள் குறித்துவிட்டார். சம்மதப் படிவம் குளிர்பெட்டிக் கதவில் ஒரு காந்தத்தின் கீழ் தொங்கியது. கையெழுத்துக் கோடு மட்டும் காலி.

அதற்கு முன் ஒரே ஒரு வாய்ப்பு. விழுங்கப் பயிற்சி தருகிற பெண் தந்தது. அவளுடைய பதவியின் பெயர் ஒரு முழ நீளம். மகள் அதைச் சுருக்கி 'முழுங்கக்கா' என்று வைத்திருந்தாள். போன வாரம் அவள் சொல்லிவிட்டுப் போனது இது:

"புதன்கிழமை ஒரு மணிக்கு வரேன்மா. ஒரு கிண்ணம் சாப்பாடு, அரை மணி நேரம். முக்கால் கிண்ணமாவது நுரையீரல் பக்கம் போகாம ஒழுங்கா உள்ள போச்சுன்னா, மறுநாள் ஆபரேஷன் வேணாம்னு நானே எழுதித் தரேன். பயிற்சில ரெண்டு கரண்டி வெறும் கூழ் முழுங்கறார். மசிச்ச சாப்பாடு முழுங்கறாரான்னு பாக்கணும்."

கையோடு ஒரு தாளும் கொடுத்திருந்தாள். எண்ணெய்ப் பசை குறைந்த வெள்ளை மீன், 'அவன்' என்கிற மின்னடுப்பில் ஈரம் போகாமல் வேகவைத்தது, முள் அறவே கூடாது, உப்பு மட்டாக.

இன்று புதன்கிழமை.

*

"வெள்ளை மீன் என்றால் என்ன? அதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும்."

இப்படி மீன் மார்க்கெட்டில், காலை எட்டு மணிக்கு, ஐஸ் தண்ணீரில் நின்றபடி பேசக்கூடிய மனிதர் ஒருவர்தான் உண்டு. அம்மாவின் அண்ணன். குடியிருப்போர் சங்கத் தலைவர், நடைப்பயிற்சிக் கழகத் தலைவர், நல்வாழ்வு மன்றத் தலைவர். தலைவர் பதவி காலியில்லாத சங்கத்தில் அவர் சேர்ந்ததில்லை. குடும்பத்திலும் அவர் பெயர் 'தலைவர்'தான். ஒலிபெருக்கி இல்லாத இடத்திலும் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுவார்.

அம்மா அவரைக் கூப்பிடவில்லை. துணிக்கடை ஒன்றில் ஆல்ட்டரேஷன் மேசையில் வேலை பார்க்கிறவள் அவள்; ஏழு வாரமாக விடுப்பு. பேருந்தில் போய் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று பையோடு கிளம்பினால், வாசலில் அண்ணனின் கார் நின்றது. "இப்படிப்பட்ட முக்கியமான முடிவை நீ தனியா எடுக்கக் கூடாதும்மா" என்று கதவைத் திறந்தார். அண்ணனுக்கு முன்னால் அவளுக்கு ஐம்பத்து நாலு வயதிலும் தலை தானாக ஆடும். ஏறி உட்கார்ந்தாள்.

"பளபளன்னு இருக்கு பார், இதான் வெள்ளை மீன்" என்றார் தலைவர், வெள்ளித் தகடு மாதிரி அடுக்கியிருந்த மத்தி மீனைக் காட்டி.

மீன்காரம்மா கத்தியைத் துடைத்துக்கொண்டே அவருடைய சலவைச் சட்டையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"வெள்ளைங்கறது சட்டையில இல்ல சார். சதையில."

"என்ன சொல்றீங்க?"

"மத்தி வெளிய வெள்ளை, உள்ள கறுத்த சதை, எண்ணெய் மீனு. நல்ல மீன்தான், நான் கெட்டதுன்னு சொல்லல. ஆனா நூல் மாதிரி முள்ளு. யாருக்குக்கா வாங்கறீங்க?"

கேள்வி அம்மாவைப் பார்த்து வந்தது. ஏழு வாரத்தில் தலைவர் பக்கத்தில் நிற்கும்போது அவளை நேராகப் பார்த்துக் கேட்ட முதல் ஆள் இவள்தான் என்று தோன்றியது.

"வீட்டுக்காரருக்கு. வாதம். முழுங்க முடியாம இருந்துச்சு. இன்னைக்குத்தான் வாயால..."

மீன்காரம்மா கத்தியை வைத்துவிட்டுத் தட்டுகளைப் பார்த்தாள்.

"அப்படின்னா வஞ்சிரம்" என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். பக்கத்துப் பலகையில் ஒரு குழந்தை நீளத்துக்குக் கிடந்தது அது. "மாப்பிள்ளைக்குப் போற மீன், மாப்பிள்ளை தகுதிக்கு இருக்கணும். இந்தக் கடையிலேயே பெரிசு எது?"

"பெரிசு வேணாம் சார். பெரிய மீன் எல்லாம் சின்னதைத் தின்னு தின்னு பெருத்தது. அதுங்க உடம்புல இருந்த கெட்டதையும் சேத்து வெச்சிருக்கும். வயசாக வயசாகக் கூடும். எப்பவாவது ஒரு துண்டுன்னா பரவால்ல. சீக்காளிக்கு அடிக்கடி குடுக்கறதுக்கு ஆகாது. அதோட இது கெட்டிச் சதை. அடுப்புல வெச்சா இன்னும் இறுகும். பல்லு வேலை செய்யறவங்களுக்குச் சரி."

பெரிதாகிப் பெரிதாகிக் கெட்டதைச் சேர்த்துக்கொள்வது பற்றி அவள் சொன்னபோது எதிர்க் கடைக்காரர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தலைவருக்கு அது தன்னைப் பற்றியது என்று படவில்லை. அப்படிப்பட்ட எதுவுமே அவருக்குப் படுவதில்லை. தலைவராக இருப்பதற்கு வேண்டிய முதல் தகுதி அது.

"கொடுவா குடுக்கலாம். ஆனா இன்னைக்கு வந்தது சரியில்ல. இங்க பாருங்கக்கா." ஒரு கொடுவாயின் வயிற்றை விரலால் அழுத்திக் காட்டினாள். குழி விழுந்தது, மேலே எழவில்லை. "நல்ல மீனுன்னா அழுத்தின இடம் உடனே எழும்பணும். கண்ணு தெளிவா இருக்கணும். செவுளு சிவப்பா இருக்கணும். இது முந்தாநாள் மீனு. என் கடைதான், ஆனாலும் உங்களுக்குக் குடுக்க மாட்டேன்."

பிறகு கொஞ்சம் தயங்கினாள். கீழே ஒரு தட்டில் ஐஸுக்கு நடுவே தட்டையாக, செருப்படி மாதிரி, நாலைந்து மீன்கள் கிடந்தன.

"இது இருக்கு. காலைல வந்தது. தோலை உரிச்சா வெள்ளை வெளேர்னு சதை. வெண்ணெய் மாதிரி உதிரும். நடுவுல சீப்பு மாதிரி ஒரே முள்ளு. அதை எடுத்துட்டா நாலு துண்டு சுத்தமா வந்துடும். சின்ன மீன், கெட்டது சேர்ற வயசில்ல."

"என்ன மீன்?" என்றார் தலைவர்.

மீன்காரம்மா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "நாக்கு மீன்."

அந்தச் சொல் ஏழு வாரம் கழித்து, ஐஸ் தண்ணீருக்கும் செதிலுக்கும் நடுவே, பட்டப்பகலில் தலையை நீட்டியது.

"நல்லா இருக்கு!" தலைவரின் குரல் நாலு கடை தாண்டிக் கேட்டது. "நாக்கு விழுந்தவனுக்கு நாக்கு மீன் சமைச்சுக் குடுத்தாங்கன்னு ஊர் சிரிக்கும். நல்வாழ்வு மன்றத்துல யாராவது என்ன சாப்பாடு குடுத்தீங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது? அதோட இதைப் பாரு, ரெண்டு கண்ணும் ஒரே பக்கம். மூஞ்சி கோணின மீன்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது.

அம்மா மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோணல் முகம்தான். ஒரு பக்கம் எல்லாமே இருந்தது. இன்னொரு பக்கம் வெறும் தோல். அவள் தினமும் காலையில் ஈரத்துணியால் துடைக்கிற முகமும் அப்படித்தான் இருக்கிறது. அதில் சிரிக்கவோ அழவோ ஒன்றும் இல்லை. கண் தெளிவாக இருந்தது. குனிந்து விரலால் அழுத்தினாள். சதை உடனே எழும்பியது.

"இதையே குடுங்க. மூணு" என்றாள்.

"யோசிச்சுக்கோம்மா..."

"யோசிச்சுட்டேன்ணா."

தலைவர் வஞ்சிரத்தில் ஒரு நடுத்துண்டு வாங்கிக்கொண்டார். கழகத்துச் சமையல்காரரிடம் கொடுத்துத் 'தக்க முறையில்' செய்து கொண்டுவருவாராம். ஒரு மாற்று ஏற்பாடு இல்லாமல் எந்தக் காரியத்திலும் இறங்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அடுத்தவர் காரியமானால் அந்தக் கொள்கை இன்னும் உறுதியாக இருக்கும்.

*

அந்த 'அவன்' அடுப்பு எட்டு வருடமாகச் சமையலறையில் இருந்தது. தலைவர் கொடுத்த பரிசு. அதில் இதுவரை எதுவும் வெந்ததில்லை. அம்மாவின் காகித வெட்டு மாதிரிகள், இன்ஷூரன்ஸ் தாள்கள், உத்தரவாத அட்டைகள் (அவனுடைய உத்தரவாத அட்டை உட்பட) எல்லாம் அதற்குள் பத்திரமாக இருந்தன. மகள் அரைநாள் விடுப்பில் வந்து அதைக் காலி செய்து, துடைத்து, நூற்றெண்பது டிகிரியில் திருப்பி வைத்தாள். பொய்ப்பல் செய்கிற கூடத்தில் வேலை அவளுக்கு. பல்லைச் சுடுகிற சூளையோடு பழகியவள்.

தொலைபேசி அடித்தது. தலைவர்.

"என்னம்மா நிலவரம்?"

"அவன் இன்னும் சூடாகல மாமா."

"யாரு சூடாகல? பெத்த அப்பாவை அவன் இவன்னா பேசறே? படிச்ச பொண்ணு!"

"அடுப்பு மாமா! நீங்க வாங்கிக் குடுத்த அடுப்பு!"

"ஓ. அது வேலை செய்யுதா?" என்ற குரலில் உண்மையான ஆச்சரியம் இருந்தது.

அம்மா சிரிக்கவில்லை. மீன்காரம்மா தோலுரித்து எடுத்துத் தந்த பன்னிரண்டு துண்டுகளைத் தட்டில் பரப்பி, ஒவ்வொன்றாக இரண்டு விரல் நுனியால் தடவிக்கொண்டிருந்தாள். தைத்து முடித்த துணியில் குண்டூசி தங்கியிருக்கிறதா என்று பார்க்கிற தடவல். கண்ணை மூடிக்கொண்டால்தான் நன்றாகத் தெரியும். ஒன்பதாவது துண்டின் ஓரத்தில் மயிர்க்கனத்தில் ஒன்று குத்தியது. பிடுங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். கண் இமை அளவுதான் இருக்கும். இது அவர் தொண்டையில் என்ன செய்திருக்கும் என்று நினைத்ததும் முதல் துண்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

"ரெண்டு தடவை பாத்தாச்சும்மா" என்றாள் மகள்.

"மூணாவது தடவை பாத்தா தேஞ்சா போயிடும்?"

எலுமிச்சைச் சாறு சில சொட்டு, நசுக்கிய பூண்டு ஒரு பல், ஒரு கரண்டி எண்ணெய், கிள்ளு உப்பு. ஈரம் ஓடிவிடாமல் தட்டின் மேல் அலுமினியத் தாளை இறுக்கி மூடினாள். பன்னிரண்டு நிமிடம். கண்ணாடிபோல் இருந்த சதை பாலாக வெளுத்து, முள்கரண்டி பட்டதும் இதழ் இதழாகப் பிரிந்தது. உருளைக்கிழங்கையும் கேரட்டையும் குழைய வேகவைத்து, வழவழவென்று கெட்டிச் சாறாக அரைத்து, அதில் மீனை மசித்தாள். முள்கரண்டியின் இரண்டு பல்லுக்கு நடுவே எவ்வளவு இடைவெளியோ, அதைவிடப் பெரிய துணுக்கு எதுவும் இருக்கக் கூடாது. தாளில் அப்படித்தான் இருந்தது.

வாசனை கூடத்துக்குப் போயிருக்க வேண்டும்.

"கிளட்ச்சு" என்று ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

மகள் அம்மாவைப் பார்த்தாள். "பசிக்குதாமே!"

"கியர் மாத்தணுமாம்" என்றாள் அம்மா. ஏழு வாரத்தில் அவள் அடித்த முதல் நையாண்டி அது. அடித்துவிட்டுக் குழாயடியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

*

முழுங்கக்கா சொன்ன நேரத்துக்கு வந்தாள். பின்னாலேயே, மூடி போட்ட பளபளப்பான பாத்திரத்தோடு தலைவர்.

"இரண்டையும் பரிசீலித்து, தகுதியானதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்" என்று மூடியைத் திறந்தார். வஞ்சிரத் துண்டு, எலுமிச்சை வட்டங்கள் சூழ, ஓரம் சிவந்து, சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தது.

முழுங்கக்கா முள்கரண்டியைக் கவிழ்த்து வஞ்சிரத்தின் மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள். நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்த வேண்டும், அதுதான் கணக்கு. நகம் வெளுத்தது. மீன் அசைந்து கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் வெடித்து, உலர்ந்த நாராகச் சிதறியது.

"இது உங்களுக்கு சார்" என்று பாத்திரத்தை அவர் பக்கமே நகர்த்தினாள்.

பிறகு கிண்ணத்தில் முள்கரண்டியை வைத்தாள். நகம் வெளுப்பதற்கு முன்பே சதை குழைந்து பரவியது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தாள். ஒட்டாமல், ஒழுகாமல், ஒரே கவளமாக நழுவி விழுந்தது. "என்ன மீன்மா?"

தலைவர் கூரையைப் பார்த்தார்.

"நாக்கு மீன்" என்றாள் அம்மா, புருஷனைப் பார்த்தபடி.

மாஸ்டரின் முகத்தில் இடது பாதி லேசாக அசைந்தது. சிரிப்பு என்றும் சொல்லலாம்.

மணி ஒன்று ஐந்துக்கு ஆரம்பித்தார்கள். அவர் விரலில் ரத்தத்து ஆக்ஸிஜனை அளக்கிற ஒரு சின்னக் கருவியை மாட்டினாள் முழுங்கக்கா. அதில் தொண்ணூற்றாறு என்று எண் ஒளிர்ந்தது. "இது தொண்ணூத்திரண்டுக்குக் கீழ போச்சுன்னா நிறுத்திடுவேன்." அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தி, தொண்டை எலும்பின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டாள். "நீங்களே குடுங்கம்மா. இடது பக்கமா வைங்க. அரைக் கரண்டி. அவசரமே இல்ல."

அம்மா கரண்டியை உயர்த்தினாள். பதினாயிரம் ஊசித் துளையில் நூல் கோத்த கை அதை வாயின் இடது ஓரத்தில் வைத்தது.

வாய் மூடியது. தாடை இரண்டு முறை அசைந்தது. நின்றது. எங்கோ ஒரு கடிகாரம் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. தொண்டை மேலே ஏறியது, பாதி வழியில் தயங்கியது, பிறகு ஒரு சின்ன முடிச்சு அவிழ்கிற மாதிரி இறங்கியது.

"ஏதாவது பேசுங்க சார். குரலைக் கேக்கணும்."

"மெதுவா."

"சுத்தமா இருக்கு. தொண்டையில ஒண்ணும் தங்கல. அடுத்தது."

இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடம். நான்காவது வாய்க்கு மாஸ்டரின் கண் மூடிக்கொண்டது. வலி என்று அம்மா பயந்தாள், அப்புறம் புரிந்தது. ருசி. ஏழு வாரமாக மூக்கு வழியே போய், வாயைத் தொடாமலே வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தது சாப்பாடே இல்லை. பூண்டு இருக்கிறது, எலுமிச்சை இருக்கிறது என்று இடது பக்க நாக்கு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது.

எட்டாவது வாயில் பாதிக் கிண்ணம் காலி. மகள் கதவில் சாய்ந்து நகத்தைக் கடித்தாள்.

ஒன்பதாவது கரண்டி உள்ளே போனதும் தலைவரால் பொறுக்க முடியவில்லை. எதிரில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"மாப்ளே! நீங்க ஜெயிச்சுட்டீங்க! இந்த நல்ல தருணத்துல நம்ம குடும்பத்தின் சார்பா நான் ரெண்டு வார்த்தை..."

மாஸ்டரின் இடது கால் நாற்காலியின் கால்பலகையை ஓங்கி அழுத்தியது.

அம்மா அதைப் பார்த்தாள். முப்பத்தோரு வருடமாக, எதிரில் ஆபத்து என்றால் அந்தக் கால் செய்கிற காரியம் அது. வாய் நிறைய மீன். அதோடு அவர் பதில் சொல்ல முயன்றார். "பிரே..."

சொல் பாதியில் உடைந்தது. முகம் கருஞ்சிவப்பானது. மூச்சு உள்ளே போகிற சத்தம் கிழிந்த துணி மாதிரி இருந்தது.

"குனிங்க சார். இருமுங்க. நல்லா இருமுங்க. இருமல் நல்லது." முழுங்கக்கா அவரை முன்னால் சாய்த்துப் பிடித்தாள். அவள் குரல் மாறவில்லை; பிடி மாறியது. கருவியில் எண் தொண்ணூற்றைந்து. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்றிரண்டு.

அங்கேயே நின்றது.

இருமல். மறுபடி இருமல். ஒரு துணுக்கு, மடியில் விரித்திருந்த துண்டில் விழுந்தது. தொண்ணூற்று மூன்று. மெல்ல மெல்லத் தொண்ணூற்றாறு.

"நான் உற்சாகப்படுத்தத்தான்..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

"அண்ணா, வெளிய போங்க."

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"யாரைம்மா?"

"உங்களைத்தான். எந்திரிச்சு நின்னு பேசறதுக்கு இது மேடை இல்ல. அவர் சாப்பிடறார்."

குரலை உயர்த்தவே இல்லை. துணியில் கோடு போட்டுவிட்டு 'இங்க வெட்டு' என்று சொல்கிற குரல். தலைவர் பாத்திரத்தை எடுத்தார், மூடியைத் தேடினார், மூடி இல்லாமலே போனார்.

கொஞ்ச நேரத்தில் மகள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து கிசுகிசுத்தாள். "மாமா படிக்கட்டுல உக்காந்து அழறார்மா."

"அழட்டும்" என்றாள் அம்மா. பிறகு, "தண்ணி கொண்டுபோய்க் குடு" என்றாள்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்றாள் முழுங்கக்கா. "தொடரலாமா, நிறுத்தலாமா? நீங்கதான் சொல்லணும்."

அம்மா புருஷனின் கண்ணைப் பார்த்தாள். நீர் கோத்திருந்தது, இருமலால். வாய் தானாகத் திறந்தது.

பத்து. பதினொன்று. பன்னிரண்டு. மகள் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள். பதின்மூன்றாவது கரண்டி இறங்கியபோது மணி ஒன்று முப்பத்து நாலு. கிண்ணத்தில் முக்காலுக்கும் சற்று மேலே காலியாகியிருந்தது.

முழுங்கக்கா தொண்டையிலிருந்து விரலை எடுத்தாள். இத்தனை நேரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். "இருமல் ஒண்ணு வந்துச்சு. ஆனா தானே இருமி வெளிய தள்ளிட்டார். அந்தப் பலம் இருக்கறதே நல்ல சேதி. வயித்துக் குழாய் இப்ப வேணாம்னு எழுதறேன். மூணு வேளையும் இதே பதம், இதே அளவு, பக்கத்துல ஒருத்தர் அரை மணி நேரம் அசையாம உக்காந்து ஊட்டணும். லேசான வேலை இல்லம்மா. ஊட்டறவங்க பேர்னு ஒரு கட்டம் இருக்கு. யார் பேரை எழுதட்டும்?"

"என் பேரைத்தான்" என்றாள் அம்மா.

"இல்ல."

மூன்று பேரும் திரும்பினார்கள்.

'பிரேக்கு' இல்லை, 'கிளட்ச்சு' இல்லை, 'மெதுவா' இல்லை. புதுச் சொல். கோணல் வாயிலிருந்து, துல்லியமாக.

"அப்பா!" என்று மகள் ஓடிவந்து மண்டியிட்டாள். "அப்பா பேசறார்மா! இன்னொரு தடவை சொல்லுங்கப்பா!"

"இல்ல."

முழுங்கக்காவின் பேனா தாளில் படாமல் நின்றது. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சார், வயித்துல குழாய் வெக்கணுமா?"

"இல்ல."

"வாயாலயே சாப்பிடறீங்களா?"

"இல்ல."

"மீன் நல்லா இருந்துச்சா?"

"இல்ல" என்றார் அவர், உதட்டோரத்தை இடது விரலால் வழித்து நக்கிக்கொண்டே.

மகளின் சிரிப்பு பாதியில் நின்றது. முழுங்கக்கா எதையோ அடித்துவிட்டு வேறொன்று எழுதினாள்.

"சொல் திரும்ப ஆரம்பிக்கறப்ப இப்படித்தான். ஒரே வார்த்தை எல்லாத்துக்கும் வரும். அதுக்கு அர்த்தம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனா நீங்க பேரைச் சொன்னதும் அவர் இதைச் சொன்னார். அதை நான் எழுதாம விட முடியாதும்மா. முழுங்கறார்னும் எழுதறேன், இதையும் எழுதறேன். பேச வாய் இல்லாத வரைக்கும் அவருக்காக நீங்க கையெழுத்துப் போடலாம். இப்ப பேச்சு வந்துடுச்சு. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு டாக்டர் உங்களைக் கேக்க மாட்டார். அவரைத்தான் கேப்பார்."

அவள் போன பிறகு மகள் படிக்கட்டுப் பக்கம் போனாள். கூடத்தில் இருவர் மட்டும். அம்மா ஈரத்துணியால் அவர் வாயைத் துடைத்தாள். துடைத்த கையை எடுக்காமல், அந்த முதல் 'இல்ல'விலிருந்து அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"என்னங்க, நான் ஊட்டறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

அவர் அவளையே பார்த்தார். இடது கண்ணும் வலது கண்ணும் ஒரே மாதிரி, தெளிவாக.

"இல்ல" என்றார்.

பிடிக்கவில்லை என்றாலும் அந்தச் சொல்தான். அப்படியெல்லாம் இல்லை என்றாலும் அதே சொல்தான். கேள்வியையே அவள் கோணலாக வெட்டிவிட்டாள். 'பிடிச்சிருக்கா' என்று நேராக வெட்டி மறுபடி கேட்கலாம். ஒரு நிமிட வேலை. அதற்கும் 'இல்ல' என்று வந்துவிட்டால்? அம்மா கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கிண்ணம் சுத்தமான பிறகும் நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.